பூத்துக்காரரின் மகள் பேசிய நாள்

செங்கம் ரோட்டில் போய்ப் பலராமன் கடை எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பூத்துக்காரர் கடை என்று கேட்டுப் பாருங்கள், எதிரே வருகிற ஆட்டோக்காரரே வண்டியை நிறுத்திக் கை காட்டுவார். இத்தனைக்கும் அந்தக் கடையில் இப்போது பூத்தும் கிடையாது, ஒயர் வைத்த போனும் கிடையாது. செல்போன் கவர், சார்ஜர், சிம் கார்டு, ரீசார்ஜ், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்காக ஓர் ஓரத்தில் ஊதுவத்தி. ஊர் ஒருவருக்குப் பேர் வைத்துவிட்டால் அப்புறம் அதை அண்ணாமலையாரே வந்தாலும் மாற்ற முடியாது.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர் பலராமன். வெயிலில் குனிந்து செடி பிடுங்குகிற வேலை மட்டும் தனக்கு வேண்டாம் என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு முடிவு செய்துவிட்டார். அப்போதுதான் ஊருக்கு ஊர் மஞ்சள் போர்டு தொங்க ஆரம்பித்த காலம். இவரும் எப்படியோ அலைந்து திரிந்து ஓர் எஸ்டிடி பூத்துக்கு அனுமதி வாங்கி, ஆசிரமத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நல்ல ஓட்டம். எந்த நாட்டு ஆள் என்றே தெரியாத சாமியார் ஒருவர் வாராவாரம் வந்து அம்மாவோடு பேசுவார். போளூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி சவூதியில் இருக்கிற புருஷனைக் கூப்பிட்டு, அவன் குரல் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் அழுவாள். பலராமன் கண்ணாடியைத் தட்டி, மீட்டர் ஓடுதும்மா, பேசிட்டு அப்புறம் அழு என்பார். துணி விற்கிறவன், மளிகை விற்கிறவன் நடுவில் தான் பேச்சு விற்கிறவன் என்பதில் அவருக்கு ஒரு தலைக்கனமே உண்டு. சொந்தக்காரர் கல்யாணங்களில், நான் இல்லேன்னா இந்தத் தாலுக்காவுல பாதிப் பேருக்கு ஒறவே இல்ல என்று சொல்லிவிட்டு இரண்டாம் பந்திக்கு நடப்பார்.

கஸ்தூரியைக் கட்டினார். அடுத்த வருடமே பெண் குழந்தை. எழிலரசி என்று பெயர் வைத்தார்கள். கஸ்தூரிக்கு வீட்டு வேலை இருக்கிற நேரத்தில் குழந்தையைக் கடையில் தூளி கட்டிப் போட்டுக்கொள்வார். போன் மணி வீல் என்று அடிக்கும், குழந்தை இமைகூட அசைக்காது. வருகிறவர்களிடமெல்லாம் பலராமன் பெருமையாகச் சொன்னார், என் பொண்ணு பூத்துக்காரன் பொண்ணு, மணி சத்தம் அதுக்குத் தாலாட்டு மாதிரி. ஊரும் தலையாட்டிக் கேட்டது. ஒரு நாள் சமையலறையில் பித்தளைக் குடம் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் விழுந்து உருண்டது. குழந்தை திரும்பவே இல்லை. கஸ்தூரி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்து மாதமாகப் பெருமை பேசிய மனிதர் அதற்குப் பிறகு மணி அடித்தால் தூளிப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார்.

வேலூர், சென்னை என்று டாக்டர்களைப் பார்த்தார்கள். காதில் ஒரு மெஷின் மாட்டிவிட்டார்கள், அவள் அதைப் பிடுங்கி மாட்டுத் தொட்டியில் போட்டாள். பள்ளிக்கூட வயது வந்ததும் வெளியூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். லீவுக்கு வருகிறவளோடு பேச வீட்டில் இருந்தவை மொத்தம் ஒரு கைப்பிடி சைகைகள்தான். சாப்பிடு, தூங்கு, போகலாம், வேண்டாம், அடிப்பேன். கஸ்தூரி இன்னும் நாலைந்தைத் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பலராமனுக்கு அந்த ஐந்தே போதுமானதாக இருந்தது. போதும் என்று அவர் நினைத்துக்கொண்டார் என்பதே சரி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். மலை உச்சியில் தீபம் ஏற்றினால் சுற்றுவட்டம் அத்தனையும் பார்க்கிறது. காது கேட்கிறவன் கேட்காதவன் என்ற பேச்சு அங்கே இல்லை. கடிதம் வந்த காலத்திலும், எழுத்துத் தெரிந்தால் எவரும் படிக்கலாம். போன் வந்துதான் உலகத்தைச் சுருக்கிக் கையில் கொடுத்தது என்கிறார்கள். எல்லோரையும் பக்கத்தில் இழுத்துப் போட்ட அந்தப் போன், எழிலரசி மாதிரி ஆட்களை மட்டும் முன்பு இருந்ததைவிடத் தூரத்தில் தள்ளியது. கறுப்பாக ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு ஊரே சிரிப்பதையும் அழுவதையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தாள் அந்தப் பெண். அந்தக் கண்ணாடிக் கூண்டின் முதலாளி அவளுடைய அப்பா.

அப்புறம் செல்போன் வந்தது, பூத் படுத்தது. பலராமன் அசரவில்லை. எது ஓடுகிறதோ அதில் ஏறிக்கொள்கிற ஆள் அவர். கூண்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ரீசார்ஜ் கார்டு தொங்கவிட்டார். எழிலரசி படிப்பு முடித்து வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தாள். மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள் எல்லாம் அவள் கை பட்டுத்தான் தெருவுக்கு வரும். சம்பளத்தில் முன்னால் கேமரா உள்ள ஒரு போன் வாங்கினாள். வாங்கிய கடை அப்பாவுடையதில்லை என்பதில் பலராமனுக்குச் சின்ன வருத்தம்.

ஒரு சாயங்காலம் மாடிக்குத் துணி எடுக்கப் போனவர் படியிலேயே நின்றுவிட்டார். தண்ணீர்த் தொட்டி மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அதற்கு எதிரே நின்றிருந்தாள் மகள். இரண்டு கையும் பறந்தன. புருவம், தோள், கன்னம், எல்லாம் பேசின. யாரையோ நடந்து காட்டிக் கிண்டல் செய்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு பேச்சு இவளுக்குள் எங்கே இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை. துணியை எடுக்காமலே கீழே வந்து, மாடியில என்ன பண்றா அவ என்று கஸ்தூரியிடம் கேட்டார். பேசறா என்றாள் கஸ்தூரி. அந்தச் சொல்லே அவருக்குப் புதிதாக இருந்தது.

எதிர்முனையில் இருந்தவன் வளவன். ஓசூரில் கார் உதிரிப்பாகம் செய்கிற கம்பெனியில் வேலை, அவனுக்கும் காது கேட்காது. விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று எழிலரசி அம்மாவிடம் தெளிவாகச் சைகை செய்துவிட்டாள். அம்மா அதை அப்பாவிடம் கொண்டுபோனாள்.

பலராமனின் கையில் வேறொரு வரன் தயாராக இருந்தது. கஸ்தூரிக்குத் தூரத்து உறவு, சுரேஷ்குமார், சொந்தமாக வேன் ஓட்டுகிறவன், காது நன்றாகக் கேட்கும். பெண் பார்க்க வந்தவன் காபியைக் குடித்துக்கொண்டே, வாயில்லாத பொண்டாட்டி கெடைக்கக் குடுத்து வைக்கணும் மாமா, வீட்ல சண்டையே வராது என்று சிரித்தான். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். பலராமனும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். எழிலரசி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தில் வந்து நின்றாள். கஸ்தூரி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் அவர்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பனிப்போர். பலராமனைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. ஜாதி, அந்தஸ்து என்று எதையும் அவர் இழுக்கவில்லை. அவருக்கு ஒரே கேள்விதான், அதை அவர் கஸ்தூரியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் காது கேக்காது. கொழந்த அழுதா யாருக்குக் கேக்கும்?"

கஸ்தூரி அதை மகளிடம் எப்படியோ காட்டினாள். இரண்டாம் நாள் வளவன் ஒரு வீடியோ அனுப்பினான். குழந்தை அழுதால் தலையணைக்கு அடியில் அதிரும் ஒரு கருவி, கூடவே பளிச் பளிச் என்று எரிகிற விளக்கு. பலராமன் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, கரண்ட் போயிடுச்சுன்னா என்று கேட்டார். பேட்டரியிலும் ஓடும் என்று பதில் வந்தது. பேட்டரி தீந்துடுச்சுன்னா என்றார். ஆயுள் முழுக்கக் கருவி விற்றுச் சாப்பிட்ட மனிதருக்குக் கருவி மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள். தினம் எத்தனை பேர் செத்த போனைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு வருகிறார்கள் என்று அவருக்குத்தானே தெரியும்.

இப்படியே போனால் இது தீராது என்று எழிலரசி முடிவு செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கூடத்தில் உட்காரவைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே ஸ்டூல் போட்டு, சொம்பில் போனைச் சாய்த்து வைத்தாள். திரையில் வந்தது வளவன் இல்லை, அவனுடைய அக்கா சினேகா. ஓசூரில் ஒரு பள்ளியில் டீச்சர், காது கேட்கும். தம்பியோடு வளர்ந்ததால் பேச்சும் சைகையும் அவளுக்கு இரண்டு கண் மாதிரி.

சினேகா முதலில் விஷயத்தை விளக்கினாள். எழில் கையால் சொல்வதை அவள் வாயால் சொல்வாள், அங்கிள் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள். நான் என்று வந்தால் அது எழில், தன்னை நினைத்துக் குழம்பக் கூடாது. பலராமன் சரி என்று தலையாட்டினார். பிறகு சினேகா ஒரு சந்தேகம் கேட்டாள்.

"எழில் உங்கள நீன்னு சொல்லணுமா, நீங்கன்னு சொல்லணுமா அங்கிள்? சைகையில ரெண்டும் ஒண்ணுதான். உங்க வீட்ல எப்படின்னு எனக்குத் தெரியல."

மகள் தன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்பதை இந்த வயதில்தான் பலராமன் முதன்முதலாக யோசிக்கிறார். கஸ்தூரி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"நீன்னே சொல்லட்டும்மா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மகளோடு பேச ஓசூரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கடைசியில் வேறு எதுவும் தோன்றாமல் அதே கேள்வியைக் கேட்டார், கொழந்த அழுதா என்ன பண்ணுவ?

சினேகா அதைக் கையால் கேட்டதும் எழிலரசி மடியிலிருந்து கைகளை எடுத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். சினேகாவின் குரல் தாழ்ந்து வந்தது.

"அப்பா, நான் சின்னதுல அழுதேன். உனக்கு நல்லா கேட்டுச்சு. ஏன் அழறேன்னு தெரிஞ்சுதா?"

அவள் அழுதது பலராமனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பள்ளியில் சேர்ப்பதற்கு முந்தைய வருடம், ஒரு மாதம் தினமும் பொழுது சாய்ந்ததும் அழ ஆரம்பிப்பாள். வாசலுக்கு ஓடுவாள், இழுத்து வந்தால் கையைக் கடிப்பாள். காது வலியோ என்று டாக்டரிடம் போனார்கள், பயந்த கோளாறோ என்று மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் பௌர்ணமிக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிரிவலம் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு சுற்றி வந்தார். மறுநாளிலிருந்து அழுகை நின்றது. அண்ணாமலையார் கண் திறந்தார் என்று பத்து வருடம் அவர் ஊரெல்லாம் சொன்ன கதை அது.

"இல்ல" என்றார். அப்புறம் மகள் பக்கம் திரும்பிக் கேட்டார், "ஏம்மா அழுத?"

அவள் சொன்னாள். முதலில் அவர்கள் ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் அதை வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைகளாக மாற்றப்போகிறேன் என்றதும் வேங்கிக்காலுக்கு வீடு மாறினார்கள். நல்ல நேரம் விடியற்காலையில் வந்தது. பால் காய்ச்சுகிற நேரம் தப்பக் கூடாது என்று தூங்குகிற குழந்தையை அப்படியே தோளில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அவள் கண் விழித்தபோது வேறு சுவர், வேறு கதவு. யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. வீடு மாறுகிறோம் என்று சொல்ல அவர்களிடம் சைகையும் இல்லை.

"நாம வழி தவறி யார் வீட்டுக்கோ வந்துட்டோம்னு நெனச்சேன். உங்க ரெண்டு பேருக்குமே வீட்டுக்குப் போற வழி தெரியலன்னு நெனச்சேன். இருட்டினா பயமா இருக்கும். வழி காட்டலாம்னுதான் வாசலுக்கு ஓடுவேன். நீங்க ரெண்டு பேரும் இழுத்துட்டு வந்துடுவீங்க."

கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எழிலரசியின் கை நிற்கவில்லை. கிரிவலம் வந்த அன்றைக்குச் செங்கம் ரோட்டில் அவளுடைய சந்து வந்ததும் அப்பாவின் தோளிலிருந்து குதித்து ஓடினாளே, அப்பா பஞ்சுமிட்டாய்க்கு ஓடுகிறாள் என்று நினைத்துத் துரத்தினாரே, அவள் ஓடியது பழைய வீட்டுக்கு. கதவுக்கு நீல பெயிண்ட் அடித்திருந்தது. கொடியில் யாருடைய துண்டோ காய்ந்தது. வெள்ளைக்காரி ஒருத்தி வாசலில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. இது இப்போது அவர்கள் வீடு, அந்தப் புது வீடுதான் நம்முடையது, அப்பாவுக்கு வழி தெரியும். அதற்கப்புறம் ஏன் அழவேண்டும்?

சினேகாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டது திரையில் தெரிந்தது. பலராமனுக்கு அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. அழுகைக்கு நடுவிலேயே ஒரு சிரிப்பும் வந்தது.

"அப்ப அந்த வீட்டைக் காட்டுனது அண்ணாமலையார்தானே? நான் சொன்னது பொய்யில்லையே?"

சினேகா அதைக் கையால் சொன்னதும் எழிலரசி அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். என் குழந்தை அழுதால் எனக்குக் கேட்காது, அதிர்கிற கருவி எழுப்பிவிடும், அது பழுதானால் நெஞ்சு மேல் போட்டுக்கொண்டு தூங்குவேன். ஆனால் ஏன் அழுகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது பிறந்த நாளிலிருந்து நான் அதோடு பேசுவேன், அதுவும் என்னோடு பேசும்.

பலராமன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடி போன் எதிரே உட்கார்ந்து, அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு என்று சினேகாவிடம் சொன்னார். அதைச் சினேகா கையில் சொல்வதற்கு முன்பே அவர் முகத்தைப் பார்த்து மகளுக்குத் தெரிந்துவிட்டது. கஸ்தூரி உள்ளே போய் எல்லோருக்கும் காபி கலந்தாள்.

தை மாதத்தில் கல்யாணம். ஐயர் பக்கத்தில் சினேகா நின்று, எதற்கு எதைச் செய்கிறார்கள் என்று இருவருக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். காது கேட்கிற மாப்பிள்ளை பெண்ணுக்கே இத்தனை விளக்கம் கிடைத்ததில்லை என்று பந்தியில் பேச்சு. பலராமன் இப்போது தினமும் சாயங்காலம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு மகளோடு பேசுகிறார். கை இன்னும் திக்குகிறது. ஒன்றைச் சொல்ல வேறொன்று வந்துவிடும், எழிலரசி அங்கே விழுந்து விழுந்து சிரிப்பாள், இவர் மறுபடி செய்வார்.

போன வருடம் பேத்தி பிறந்தாள். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பலராமன் அதற்குச் சந்தோஷப்பட்டார், ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. எதிர்க்கடை மூர்த்தி, டீக்கடை வைத்திருக்கிறவர், இந்தச் சித்திரை வெயிலில் ஒரு நாள் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார்.

"பேச ஆரம்பிச்சுட்டா" என்றார் பலராமன்.

மூர்த்தி நம்பவில்லை. பத்து மாதக் குழந்தை எங்காவது பேசுமா, பூத்துக்காரர் வழக்கம்போல அளக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, என்ன பேசினாள் என்று கேட்டார்.

பலராமன் கையிலிருந்த டீ கிளாஸைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார். ஒற்றை விரலை மேலே தூக்கி வட்டமாகச் சுழற்றிக் காட்டினார்.

"நேத்து ஓசூர்ல கரண்ட் போயிடுச்சு. ஃபேன் போடச் சொல்லி அவங்க அம்மாவ ஒரே அதட்டல்."